போர் நடக்கும் நாட்டுக்கு லோரி ஓட்டப் போகிறாயா, தம்பி?



இந்தப் பகுதியில் நான் வழக்கமாக இனிப்பு நீர், இரத்த அழுத்தம், பாம்புக் கடி, பூச்சி மருந்து இவற்றைப் பற்றித்தான் எழுதி வருகிறேன். இம்முறை ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். இது டிரெஸ்ஸருக்கு வேண்டாத விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். இதுவும் உடம்பைப் பற்றியதுதான்.

சில வாரங்களுக்கு முன் ஒரு தம்பி கிளினிக்குக்கு வந்தான். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். சிறு பிள்ளையாக இருக்கும்போதே எனக்குத் தெரியும். கையில் ஒரு மருத்துவப் பாரம்.

"டிரெஸ்ஸரய்யா, பிரஷர் பார்த்து இதிலே எழுதிக் கொடுங்க. வெளிநாட்டுக்கு லோரி ஓட்டப் போறேன்."

பாரத்தை வாங்கிப் பார்த்தேன். வேலை: கனரக லோரி ஓட்டுநர். இடம்: மத்திய கிழக்கு. நாட்டின் பெயர் இல்லை. கம்பெனியின் முகவரி இல்லை. ஆனால் இரத்த வகை என்ன என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. மரணம் நேர்ந்தால் யாருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று எழுத இன்னொரு கட்டமும் இருந்தது.

"எந்த நாடுப்பா?" என்று கேட்டேன்.

"அங்க போய் இறங்கினதும் சொல்வாங்களாம். சண்டை நடக்கிற பக்கம்தான்யா. ஆனா நாம என்ன பட்டாளத்துக்கா போறோம்? சாமான்தானே ஏத்திக்கிட்டுப் போறோம். இங்க வாங்குறதைப் போல நாலு மடங்கு சம்பளம். அம்மா வாங்கின கடன் இருக்கு, தங்கச்சி படிப்பு இருக்கு. இங்க ஓட்டிக்கிட்டே இருந்தா எப்பய்யா ஒரு வீடு கட்டறது?"

பிரஷர் பார்த்தேன். 120-க்கு 80. நல்ல உடம்பு. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "அம்மாவையும் ஒப்பந்தக் கடிதத்தையும் கூட்டிக்கொண்டு வா, பிறகு எழுதலாம்" என்று சொல்லி அனுப்பினேன். சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். அவனைப் போல நினைக்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

சாமான் ஏற்றும் லோரியை யார் சுடப் போகிறார்கள்?

இந்த எண்ணம்தான் பல பேரை இழுத்துக்கொண்டு போகிறது. உண்மை நேர்மாறாக இருக்கிறது. ஒரு பட்டாளம் பெட்ரோல், தண்ணீர், அரிசி இல்லாமல் ஒரு வாரம்கூட நிற்காது. அதையெல்லாம் கொண்டுபோவது லோரி. பட்டாளத்தை நேரே எதிர்க்க முடியாதவன் என்ன செய்வான்? சாலையில் குண்டைப் புதைத்து வைத்து லோரியை அடிப்பான். சிப்பாய்க்கு இரும்புக் கவசம் போட்ட வண்டி உண்டு, கையில் துப்பாக்கி உண்டு. லோரிக்காரனுக்கு இருப்பதெல்லாம் ஸ்டியரிங் ஒன்றுதான்.

2003-ஆம் ஆண்டு மார்ச்சில் ஈராக்கில் போர் தொடங்கியது. அதன் பிறகு பல ஆண்டுகள் குவைத், ஜோர்டான், துருக்கி வழியாக லோரிகள் வரிசை வரிசையாக உள்ளே போயின. இந்தியர், பாகிஸ்தானியர், நேப்பாளியர், பிலிப்பினோக்கள், துருக்கியர் என்று ஏழை நாட்டுப் பிள்ளைகள் பலர் அவற்றை ஓட்டினார்கள். பல வண்டிகளில் கவசத் தகடு கிடையாது.

2004 ஏப்ரல் 9, பெரிய வெள்ளிக்கிழமை. அமெரிக்கப் படைக்கு எரிபொருள் ஏற்றிப்போன லோரி வரிசை ஒன்றை பாக்தாத் அருகே வழிமறித்துத் தாக்கினார்கள். ஓட்டிப்போன அமெரிக்க ஓட்டுநர்களில் 6 பேர் செத்தார்கள். பிடித்துப்போன ஒருவர் மூன்று வாரத்துக்குப் பிறகு தப்பி வந்தார். அந்த வரிசைக்குப் பட்டாளக் காவல் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே ஆண்டு ஜூலையில் குவைத் கம்பெனி ஒன்றின் 7 ஓட்டுநர்களைப் பிடித்துப் போனார்கள். மூவர் இந்தியர், மூவர் கென்யர், ஒருவர் எகிப்தியர். தலையை வெட்டுவோம் என்று படம் பிடித்துக் காட்டினார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதிதான் விட்டார்கள். ஏறக்குறைய ஆறு வாரம் வீட்டில் இருந்த பெண்டு பிள்ளைகள் எப்படித் தூங்கியிருப்பார்கள்? அதே மாதம் பிடிபட்ட ஒரு பிலிப்பினோ ஓட்டுநரை மீட்க அவருடைய நாடு தன் படையையே ஈராக்கிலிருந்து முன்கூட்டித் திருப்பி அழைத்துக்கொண்டது.

இவர்கள் உயிரோடு வந்தவர்கள். 2004 ஆகஸ்டு கடைசியில் கொல்லப்பட்ட 12 நேப்பாளத் தொழிலாளர்கள் வரவில்லை. ஜோர்டானில் ஹோட்டல் வேலை என்று சொல்லித்தான் அவர்களை ஊரிலிருந்து கூட்டிப்போனார்கள். ஈராக்குக்குப் போகிறோம் என்பதே அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. "போய் இறங்கினதும் சொல்வாங்களாம்" என்று தம்பி சொன்னபோது எனக்கு இவர்கள் நினைவுதான் வந்தது.

போனவர்கள் எல்லோரும் செத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சம்பாதித்துத் திரும்பி வந்து வீடு கட்டியவர்களும் உண்டு. அந்த வீடு நம் கண்ணுக்குத் தெரிகிறது. வராதவனுடைய வீட்டை ஏஜெண்டு யாருக்கும் காட்ட மாட்டான்.

உடம்பு என்ன பாடுபடும்?

முதலாவது, இரத்தப் பெருக்கு. தொடையில் இருக்கும் பெரிய இரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். நம் தோட்டத்தில் அரிவாள் பட்டால் ஓடி வந்து நான் கட்டுப்போடுவேன், வேனில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். அங்கே அடிபட்ட இடத்தில் வண்டியை நிறுத்தினால் பின்னால் வரும் வண்டிகளுக்கும் ஆபத்து. ஆகவே நிற்காமல் போ என்பதே பொதுவான உத்தரவு. அடிபட்டவன் நிலைமையை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, குண்டு வெடிக்கும்போது ஏற்படும் காற்றழுத்தம். உடம்பில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் காதுச் சவ்வு கிழிந்துவிடும், மூளை குலுங்கிவிடும். பிறகு தலைவலி, தலைசுற்றல், மறதி, எரிச்சல் என்று மாதக் கணக்கில் தொடரும். "எனக்கு ஒண்ணுமில்லே" என்று மறுநாளே வண்டி எடுப்பவன் இருக்கிறான். காது கேட்காத, தலை சுற்றுகிற ஒருவன் திரும்பி வந்து இங்கே லோரி ஓட்ட முடியுமா?

மூன்றாவது, வெயில். ஈராக்குக்குப் போன லோரிகள் பல புறப்பட்ட குவைத்தில் 2016 ஜூலையில் 53.9 டிகிரி வெப்பம் பதிவானது. இங்கே 35 டிகிரிக்கே தசைப்பிடிப்பு, மயக்கம் என்று கிளினிக்குக்கு வருகிறார்கள். அங்கே எல்லையில் ஏர்கோன் இல்லாத வண்டியில் நாள் கணக்கில் காத்துக் கிடந்தால் சிறுநீரகம் என்னாகும்?

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத நோய். போர் நடக்கும் இடங்களில் வேலை செய்த குத்தகைத் தொழிலாளர்களை 2013-இல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிலையம் விசாரித்தது. நான்கில் ஒருவருக்கு அதிர்ச்சிக்குப் பின் வரும் மன நோயின் அறிகுறிகள் இருந்தன. போக்குவரத்து வேலை செய்தவர்களிடம் அது இன்னும் அதிகம். குடிப்பழக்கமும் கூடியிருந்தது. தூக்கமில்லை, கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் நடுக்கம், மனைவி மக்கள் மேல் காரணமில்லாத கோபம். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் பட்டாசு வெடித்தால் இவன் கை கால் உதறும். இதற்குக் கோயிலில் மந்திரிப்பார்களே தவிர டாக்டரிடம் கூட்டிப்போக மாட்டார்கள். நம்மவர்களின் பழக்கம் அது.

அடிபட்டால் யார் கொடுப்பார்கள்?

இங்கே வேலை செய்கிறவனுக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெர்கேசோ இருக்கிறது. வேலைக்குப் போகிற வழியில் விபத்து நடந்தாலும் பணம் உண்டு, செத்தால் குடும்பத்துக்கு மாதா மாதம் உதவித் தொகை உண்டு. பெயர் தெரியாத அந்நியக் கம்பெனி உனக்காகப் பெர்கேசோவில் ஒரு காசு கட்டுமா? சொந்தமாக எடுத்த ஆயுள் காப்பீடு இருக்கிறதே என்பான் தம்பி. பத்திரத்தில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். போரினால் வரும் சாவுக்குப் பணம் இல்லை என்று பல பத்திரங்களில் எழுதியிருக்கும்.

அமெரிக்கக் குத்தகையில், துணைக் குத்தகையில் வேலை செய்கிற அயல்நாட்டவருக்கும் நட்டஈடு தர 1941-ஆம் ஆண்டே அமெரிக்கா ஒரு சட்டம் போட்டிருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். பல குடும்பங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாமல் போயிற்று. அயல்நாட்டவருக்கு வருங்காலத் தொகையை மொத்தமாகக் கொடுத்துத் தீர்க்கும்போது பாதிக் கணக்கில் முடித்துக்கொள்ளவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. ஆபத்து முழு ஆபத்து, பணம் மட்டும் பாதி.

காத்திருக்கும் வேதனைக்கோ நட்டஈடே கிடையாது. 2014-இல் ஈராக்கின் மோசூல் நகரில் கட்டுமான வேலை செய்த இந்தியர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் 39 பேர் கொல்லப்பட்டார்கள் என்று இந்தியப் பாராளுமன்றத்தில் அறிவித்தது 2018 மார்ச்சில். மரபணுச் சோதனை செய்துதான் உடல்களை அடையாளம் கண்டார்கள். நான்கு வருடம் அந்தத் தாய்மார்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது பழைய கதை அல்ல

ஈராக் சண்டைதான் அடங்கிவிட்டதே என்று சொல்லலாம். நாடு மாறுகிறது, பேச்சு மாறவில்லை. உதவியாளர் வேலை, காவல் வேலை என்று சொல்லி ரஷ்யாவுக்குக் கூட்டிப்போன இந்திய இளைஞர்கள் உக்ரேன் போர்முனையில் போய் நின்றார்கள். சிலர் செத்தும் போனார்கள். 2024 மார்ச்சில் இந்தியப் புலனாய்வுத் துறை அந்த ஏஜெண்டுகள் மீது வழக்குப் போட்டது. நேப்பாள அரசாங்கம் அதே ஆண்டு ஜனவரியில் ரஷ்யாவுக்கும் உக்ரேனுக்கும் வேலைக்குப் போக அனுமதி கொடுப்பதை நிறுத்திவிட்டது. நம் நாட்டுப் பிள்ளைகளே நல்ல சம்பளம் என்று நம்பிக் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பலிடம் மாட்டி, 2022-இலிருந்து எத்தனை பேரை மீட்டு வர வேண்டியிருந்தது!

தோட்டத்துக்காரர்களான நமக்கு இந்தப் பாடம் புதிதும் அல்ல. 1943-இல் சப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் கூப்பிட்டபோதும் முதலில் நல்ல சம்பளம், சாப்பாடு, கொஞ்ச மாதத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் சொன்னான். பிறகு பலாத்காரமாகப் பிடித்துப் போனான். மலாயாவிலிருந்து போன 70,000-க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். காலரா, மலேரியா, சீழ்ப்புண் என்று பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே மாண்டார்கள். நம் குடும்பங்களில் பாட்டிமார்கள் அழுதுகொண்டே சொன்ன கதை அது. அன்று வற்புறுத்திக் கொண்டுபோனான். இன்று நாமே காசு கட்டிப் போவதா?

என் கருத்து

போகாதே என்பதுதான் என் கருத்து. நாலு மடங்கு சம்பளம் என்பது உன் திறமைக்குக் கொடுக்கிற கூலி அல்ல. உன் கைக்கும் காலுக்கும் முன்கூட்டியே போட்ட விலை. கை கால் போன பிறகு அந்த விலை போதாது.

அப்படியும் ஒருவன் கேட்கவில்லை என்றால், ஒரு வெள்ளி கட்டுவதற்கு முன் குடும்பத்தார் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். எந்த நாடு, எந்த ஊர்? ஏஜெண்டுக்கு 1981-ஆம் ஆண்டுத் தனியார் வேலை ஏற்பாட்டு நிறுவனச் சட்டப்படி உரிமம் உண்டா? ஒப்பந்தம் நமக்குப் புரிகிற மொழியில் உண்டா? அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி, செத்தால் எந்தக் காப்பீட்டுக் கம்பெனி? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? இதில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். தொழிலாளர் இலாகாவிலும் விஸ்மா புத்ராவிலும் விசாரியுங்கள். வழி தெரியாவிட்டால் சங்கக் கிளைச் செயலாளரிடம் போங்கள், கடிதம் எழுதிக் கொடுப்பார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தம்பியை மட்டும் கண்டிப்பது நியாயம் ஆகாது. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது. ஒரு குடும்பத்தின் வாடகை, பால் மாவு, பள்ளி பஸ், கடன் தவணை எல்லாவற்றையும் அதில் கட்டிப் பாருங்கள், தெரியும். கனரக லைசென்ஸ் வைத்து, நாள் முழுவதும் மேட்டுப் பாதையில் குலை ஏற்றி இறக்குகிற ஓட்டுநருக்கு அவன் தொழிலுக்கு ஏற்ற கூலி கிடைத்தால் அவன் ஏன் குண்டு வெடிக்கிற சாலையைத் தேடிப் போகிறான்? ஓட்டுநர்களின் கூலியை அடுத்த பேச்சுவார்த்தையில் சங்கம் அழுத்தமாக வைக்க வேண்டும். டிரெஸ்ஸர் சங்க விவகாரம் பேசுகிறானே என்று யாரும் நினைக்க வேண்டாம். கூலி குறைந்தால் முதலில் கெடுவது உடம்பு என்பதைத் தினமும் கிளினிக்கில் பார்க்கிறவன் நான்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நம் பெரியவர்கள் சொன்னது வீணுக்கு அல்ல. தம்பி, உன் பாரம் என்னிடம்தான் இருக்கிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் சாயங்காலம் வா. கடன் கணக்கை மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம். சங்கத்திலும் பேசுவோம். உனக்கு இருப்பது 120-க்கு 80 உள்ள நல்ல உடம்பு. அதை இங்கே வைத்துப் பிழைக்க வழி தேடுவோம்.