உச்சியிலும் ஓயாத ஈர்ப்பு

நேர்மேலே எறியப்பட்ட பொருளோடு கையின் விசையும் கூடவே செல்கிறது, அது தீர்ந்ததும் பொருள் உச்சியில் ஒரு கணம் எவ்விசையுமின்றி நிற்கிறது, பிறகே புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது என்னும் நம்பிக்கை படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி நிலவுகிறது. இது முற்றிலும் பிழை. விசை என்பது ஒரு பொருள் மற்றொன்றின்மீது செலுத்தும் தள்ளலோ இழுப்போ ஆகும். கையை விட்டகன்ற பந்தைக் கை தள்ள இயலாது. காற்றின் சிறு தடையை ஒதுக்கினால், ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் அதன்மீது செயல்படுவது புவியீர்ப்பு ஒன்றே.

திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளுக்குக் கீழே நின்று, வினாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் பந்து எறியப்படுவதாகக் கொள்வோம். வினாடிதோறும் 9.8 மீட்டர் வீதம் வேகம் குறைந்து, இரண்டாம் வினாடியின் முடிவில் 19.6 மீட்டர் உயரத்தில் அது சுழியாகிறது. ஆனால் வேகம் மாறும் வீதமாகிய முடுக்கம் அக்கணத்திலும் குறையாமல் கீழ்நோக்கியே உள்ளது. உச்சியில் எவ்விசையும் இல்லையெனில், நின்ற பந்து அந்தரத்திலேயே தங்கிவிட வேண்டும். படியேறி மலைமேல் நின்று எறிந்தாலும் கணக்கு மாறாது. 200 மீட்டர் உயர்ந்தால் ஈர்ப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை.

பந்து உச்சியில் தயங்குவது கண்ணுக்கே தெரிகிறதே என்பர். நான்கு வினாடிப் பயணத்தில் சரிபாதியை, அதாவது இரண்டு வினாடிகளை, பந்து மேலுள்ள 4.9 மீட்டருக்குள்ளேயே கழிக்கிறது. அங்கே வேகம் குறைவு என்பதே காரணம், ஈர்ப்பு ஓய்வதன்று.

எறிந்த விசை பொருளோடு கூடவே செல்கிறது என்னும் நம்பிக்கைக்குப் பழந்துணையும் உண்டு. இந்தியத் தத்துவ தரிசனங்களுள் ஒன்றான வைசேடிகத்தில், எய்த அம்பினுள் ‘வேகம்’ என்னும் பண்பு தங்கி அதைச் செலுத்துவதாகப் பிரசஸ்தபாதர் கொண்டார். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பிலோபோனசும் இதையொத்ததே கூறினார். அவர்கள் காலத்திற்கு அது கூர்மையான ஊகம். இயக்கம் தொடர விசை வேண்டியதில்லை, அதை மாற்றவே வேண்டும் என்று நியூட்டன் 1687-இல் வகுத்துரைத்த பின்னரும் அதையே பற்றிநிற்பது அறியாமையே.

1982-இல் வெளியான ஜான் கிளெமென்டின் ஆய்வில், மேலே சுண்டிய நாணயத்தின்மீதுள்ள விசைகளைக் கேட்டபோது, அமெரிக்கப் பொறியியல் மாணவருள் பெரும்பாலோர், இயக்கவியல் பாடம் முடித்தோர் உட்பட, இல்லாத மேல்நோக்கு விசையைக் காட்டினர். சூத்திரத்தில் எண்ணை இட்டு விடை காண்பதற்கே மதிப்பெண் தரும் தேர்வுகள், உச்சியிலுள்ள பந்தின்மீது விசையின் அம்புக்குறியை வரையச் சொல்லாதவரை, இப்பிழை பட்டத்திற்குப் பின்னும் நீடிக்கும்.