ஆளுக்கு மூணு மணி நேரம், பட்டாசுக்கு நாலு நாள்: சிவகாசி - டெல்லி தூரம் உண்மையில் எவ்வளவு?

சிவகாசியிலிருந்து டெல்லி எவ்வளவு தூரம்? போனில் தட்டினால் நொடியில் ஒரு நம்பர் வந்துவிடும். ஆனால் அந்த நம்பர் யாருக்கானது என்பதுதான் கேள்வி.

வான்வழியில் எவ்வளவு?

மதுரை விமான நிலையத்திலிருந்து டெல்லிக்கு நேர்கோட்டில் சுமார் 2,080 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று கணக்குப் போட்டால் இரண்டரை மணி நேரம் சொச்சம். ஓடுபாதைக்குப் போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் மூணு மணி நேரத்தைத் தாண்டும். சென்னையில் மாறிப் போனால் தூரம் 100 கி.மீ.தான் கூடும்; காத்திருக்கும் நேரம்தான் உங்களைச் சாப்பிடும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால்?

சிவகாசியிலிருந்து மதுரை விமான நிலையம் ஏறக்குறைய 70 கி.மீ. காரில் ஒன்றரை மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். டெல்லியில் இறங்கி வெளியே வர இன்னொரு மணி நேரம். ஆக, காலையில் கிளம்பினால் மாலைக்குள் டெல்லி.

பட்டாசு பெட்டிக்கு?

பயணிகள் விமானத்தில் பட்டாசுக்கு அனுமதி இல்லை. கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. பயணிகள் ரயிலிலும் அதே கதைதான். ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. ஊருக்கு வந்துட்டு 'ஒரு பெட்டிதானே' என்று எடுத்துட்டுப் போகாதீங்க.

மிச்சம் இருப்பது லாரி. சாலையில் 2,600 கி.மீ. நாளொன்றுக்கு 600 கி.மீ. ஓடினாலும் நாலு நாளுக்கு மேல்.

இதில் என்ன பிரச்சினை?

2025-ஐ எடுத்துக்கொள்வோம். டெல்லி வட்டாரத்தில் பசுமைப் பட்டாசு விற்கவும் வெடிக்கவும் உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது அக்டோபர் 15-ல். விற்பனைக்குக் கொடுத்த நாள்கள் 18 முதல் 20 வரை. தீபாவளி 20-ம் தேதி. தீர்ப்பு வந்த அன்று இரவே லோடு ஏற்றிக் கிளம்பினாலும், நம் கணக்குப்படி லாரி டெல்லியைத் தொடுவது 20-ம் தேதி காலையில். பிறகு எப்போது கடையில் இறக்கி, எப்போது விற்பது?

டெல்லியின் காற்று மாசு நிஜமான பிரச்சினை. குழந்தைகளின் நுரையீரல் சார்ந்த விஷயத்தில் நீதிமன்றம் கறாராக இருப்பதைக் குறை சொல்ல முடியாது. அனுமதியா, தடையா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: எதுவானாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். தீபாவளிக்கான உற்பத்தி பல மாதம் முன்பே நடப்பது. தடை என்று முன்பே தெரிந்தால் தொழிற்சாலை அதற்கேற்ப மருந்து கலக்கும். தொழிலாளியும் தன் வருமானத்தைத் திட்டமிடுவார்.

வழக்கறிஞர் விமானத்தில் போகிறார். தீர்ப்பு போனில் வருகிறது. சரக்கு மட்டும் லாரியில்தான் போகிறது. தேதி குறிப்பவர்கள் அந்த நாலு நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.