தீக்குழம்பை நிறுத்தியது யார்?

ஐஸ்லாந்து தேசத்தில் "நெருப்புப் பிரசங்கம்" என்று ஒரு கதை வெகுகாலமாய்ச் சொல்லப்பட்டு வருகிறது. 1783-ம் வருஷம் ஜூன் 8-ந் தேதி லாக்கி என்னுமிடத்தில் பூமி பிளந்து, உருகிய பாறை ஆறாய் ஓட ஆரம்பித்தது. ஜூலை 20-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, அது கிளாய்ஸ்துர் என்ற ஊரை நெருங்கியபோது, யோன் ஸ்டெயின்கிரிம்சன் என்ற பாதிரியார் ஜனங்களைச் சர்ச்சுக்குள் கூட்டிப் பிரார்த்தனை நடத்தினார். வெளியே வந்து பார்த்தால் தீக்குழம்பு நின்றுவிட்டிருந்தது. அவ்வளவுதான், பாதிரியார் நெருப்பை நிறுத்தினார் என்று பேராகிவிட்டது!

நிற்க, இந்தப் பாதிரியாரைப் பரிகாசம் செய்ய நாம் வரவில்லை. நெருப்பு எந்தப் பக்கம் வந்தது, மழை எப்படி நாறியது, ஆடுமாடுகள் எப்படிச் செத்தன என்பதையெல்லாம் கண்ணால் பார்த்து எழுதி வைத்தவர் அவரே. பூகர்ப்ப சாஸ்திரிகள் இன்றும் அக்குறிப்பைப் புரட்டுகிறார்கள். அதிலேயே ஒரு சங்கதி இருக்கிறது. தீக்குழம்பு அணைபோல் தடுத்துவிட்ட ஆறுகள் பெருகி வழிந்து, அதன் மேலேயே கொட்டின என்பதுதான் அது. தண்ணீர் கொட்டினால் குழம்பு உறைந்து கல்லாகும். பின்னால் வருவது அதில் முட்டி நிற்கும், அல்லது வேறு வழி தேடும். கொட்டுகிறவன் ஆஸ்திகனாயிருந்தாலும் நாஸ்திகனாயிருந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

அன்றியும், கடவுள்தான் நிறுத்தினார் என்றே வைத்துக்கொள்வோம். அம்மாதம் முடிவதற்குள் பிளவு வடகிழக்கே நீண்டு, ஆகஸ்டில் தீக்குழம்பு வேறோர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டதே, அதை இறக்கியது யார்? 1784 பிப்ரவரி வரை எரிந்து, சுமார் 600 சதுர கிலோமீட்டர் நிலம் கல்லாயிற்று. நச்சுவாயுவால் புல் கெட்டு, கால்நடைகள் மாண்டு, பஞ்சம் வந்து, அத்தேச ஜனங்களில் ஐந்தில் ஒரு பங்கினர் அழிந்தார்கள். சர்ச்சைக் காப்பாற்றி ஜனங்களைப் பட்டினி போட்ட கருணையை என்னவென்பது?

அதே தேசத்தில், 1973-ம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி நடுநிசிக்குப் பின், ஹெய்மேய் என்ற தீவில் எரிமலை வெடித்தது. முதல்நாள் புயலுக்குப் பயந்து படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தபடியால், சுமார் 5,300 பேர் அன்றிரவே கரையேறித் தப்பினார்கள். (இதையும் கிருபை என்பார்கள். புயலை அனுப்பியவர் எரிமலையை அனுப்பாமலிருந்திருக்கலாமே!) பிறகு தீக்குழம்பு துறைமுகத்தின் வாயை அடைக்க வந்தது. துறைமுகம் போனால் மீன் பிடித்துப் பிழைக்கும் அத்தீவுக்கு வாழ்வில்லை. தோர்பியோர்ன் சிகுர்கெய்ர்சன் என்ற பௌதிகப் பேராசிரியர், கடல் நீரை இறைத்துக் கொட்டச் சொன்னார். அது எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறதென்று அளந்து, இன்னும் சுடுகிற பாறையின் மேலேயே குழாய்களை இழுத்துப்போய், சுமார் 60 லட்சம் டன் நீரைக் கொட்டினார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் போயின, ஆனால் துறைமுகம் பிழைத்தது. 1783-ல் ஆறு தானாகச் செய்ததை, 190 வருஷத்திற்குப் பின் மனிதன் தெரிந்து செய்தான்.

இப்போதோ வெடிப்பதற்கு முன்பே கண்டுகொள்ளப் பார்க்கிறார்கள். பூமி எவ்வளவு உப்புகிறது, எங்கே அதிர்கிறது என்பதைக் கருவிகள் அளக்கின்றன. ஓடும் குழம்பை ஆளில்லா விமானங்களும் செயற்கைக் கோள்களும் படமெடுக்கின்றன. இவ்விதமே 2023 நவம்பர் 10-ந் தேதி கிரிண்டாவிக் என்ற ஊரையே காலி செய்தார்கள். 2024 ஜனவரி 14-ந் தேதியும், வெடிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு அங்கிருந்தவர்களை வெளியேற்றிவிட்டார்கள். மண்மேடு போட்டுக் குழம்பைத் திருப்பிவிட்டபோதிலும், மேட்டுக்கு உட்புறமே ஒரு பிளவு திறந்து மூன்று வீடுகள் எரிந்தன. அதை ஒருவரும் மூடி மறைக்கவில்லை. எந்தப் பாவத்திற்கு இந்தத் தண்டனை என்று வீட்டுக்காரரைக் கேட்கவுமில்லை. அடுத்த மாதமே அந்நாட்டுச் சட்டசபை, அவ்வூரார் வீடுகளைச் சர்க்கார் செலவில் விலைக்கு வாங்கிக்கொள்ளச் சட்டம் செய்தது.