புழுக்கமான ராத்திரி அம்பத்தூருக்கு எப்போ வரும்?

ஓரினக் காதல்னு பேச்செடுத்தாலே நம்ம ஆளுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுவாங்க. "இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி"ன்னு ஒரு கட்சி. "பாவம், அவங்களும் மனுஷங்கதானே"ன்னு இன்னொரு கட்சி. ரெண்டுமே இது எங்கேயோ யாருக்கோ நடக்குற சமாச்சாரம்னு நினைச்சுதான் பேசுது. அந்த நினைப்பை உடைக்கிற நாடகம் ஒண்ணு இருக்கு. பெங்களூர்க்காரர் மகேஷ் தத்தானி ஆங்கிலத்தில் எழுதின 'ஆன் எ மக்கி நைட் இன் மும்பை'. 'மும்பையில் ஒரு புழுக்கமான இரவு'ன்னு வச்சுக்கலாம். நான் மேடையில் பார்த்ததில்லை, புத்தகமாத்தான் படிச்சேன்.

கதை இதுதான். கம்லேஷ் ஒரு ஃபேஷன் டிசைனர். அவனை விட்டுட்டுப் போன காதலன் பிரகாஷ். அந்தப் பிரகாஷ் இப்போ 'எட்'னு பேரை மாத்திக்கிட்டு, 'நான் திருந்திட்டேன்'னு சொல்லிக்கிட்டு ஒரு பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கப் போறான். பொண்ணு யாருன்னா, கம்லேஷோட கூடப் பிறந்த கிரண்! ஏற்கெனவே ஒரு மோசமான கல்யாணத்துல அடிபட்டு வெளிய வந்தவள். அவளுக்கு எதுவும் தெரியாது.

இதுல என்னை உலுக்கினது எட் போடுற கணக்கு. கல்யாணம் ஆயிட்டா கம்லேஷை எப்ப வேணா பார்க்கலாம், யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு அவன் நினைக்கிறான். நம்ம பாஷையில சொன்னா, மச்சான் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தா யார் கேள்வி கேப்பா? கூட்டாளிகள்ல பன்னின்னு ஒரு டிவி நடிகர் வேற. சீரியல்ல உத்தமமான குடும்பத் தலைவன். நிஜத்துலயும் பொண்டாட்டி பிள்ளைங்க உண்டு, உள்ளே வேற ஆள். இவங்க பேசிக்கிட்டிருக்கும்போது கீழே ஒரு கல்யாணத்தோட மேளச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு.

அதனால என்னைப் பொறுத்தவரைக்கும் இது ஆண்களோட காதலைப் பத்தின நாடகம் மட்டுமில்லை, கல்யாணத்தைப் பத்தின நாடகமும்கூட. "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்"னு அம்பத்தூர்லயும் ஆவடியிலயும் எத்தனை வீட்டுல கேட்டிருப்போம்? பையனுக்கு எஸ்டேட்லயோ டேங்க் ஃபேக்டரியிலயோ வேலை, குடிப்பழக்கம் இல்லை, ஜாதகம் பொருந்திடுச்சு, வேற என்ன வேணும்? அந்தப் பையன் யாரை விரும்புறான்னு ஜாதகத்துல கட்டம் கிடையாது. அவனோட 'வியாதி'க்கு மருந்தா ஒரு பொண்ணைக் குடுத்துடறோம். மருந்துக்கு வாழ்க்கை இருக்குன்னு யாரும் யோசிக்கிறதில்லை. பெத்தவங்களை வில்லனாக்கலை, அவங்க பயம் தெருவுல நாலு பேர் என்ன சொல்வாங்கங்கிற பயம். ஆனா அதுக்கான வட்டியைக் கட்டுறது கிரண் மாதிரி பொண்ணுங்க.

இந்த நாடகம் முதல்ல மேடையேறினது 1998 நவம்பர்ல, மும்பை டாடா தியேட்டர்ல, லில்லெட் துபே இயக்கத்துல. அதே மாசம்தான் தீபா மேத்தாவோட 'ஃபயர்' படமும் ரிலீஸ் ஆச்சு. டிசம்பர் 2-ம் தேதி அதே மும்பையில சிவசேனைக்காரங்க தியேட்டரை அடிச்சு நொறுக்கினாங்க. நாடகம் தப்பிச்சுது. என் கணக்குப்படி காரணம் சிம்பிள். நாடகம் ஆங்கிலத்துல, அழைப்பிதழ் மாதிரி டிக்கெட் வாங்கி வர்ற கூட்டத்துக்கு நடந்தது. படம் தெருமுனைத் தியேட்டருக்கு வந்துடுச்சு. ஆங்கிலத்துல பேசினா யாரும் கல்லெறிய மாட்டாங்க. ஆனா அந்தப் பாதுகாப்புக்குக் குடுக்குற விலை, கேட்க வேண்டியவங்க காதுக்குப் போகாம இருக்கிறது.

சென்னையிலயும் இதே கதைதான். இந்த மாதிரி நாடகம்னா நுங்கம்பாக்கம், எழும்பூர்னு ஊருக்குள்ளேயே முடிஞ்சிடும். எங்க பக்கம் மேடைன்னா கோயில் திருவிழா, இல்லேன்னா ஸ்கூல் ஆண்டு விழா.

இத்தனைக்கும் இது நம்ம சபா நாடகத்துக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை. ஒரே ஒரு ஹால், ஒரு சோபா, ஒரு கல்யாணப் பேச்சு, ஒரு பழைய போட்டோ, உடையக் காத்திருக்கிற ஒரு ரகசியம். மேளத்துக்குப் பதிலா நாதஸ்வரமும் மைக்செட்டும் வச்சா கதை ஆவடிக்கு வந்துடும். கோமல் சுவாமிநாதன் 'தண்ணீர் தண்ணீர்' போட்டப்போ தாங்கின மேடை, இதையும் தாங்கும்.

"சின்னப் பசங்க வர்ற இடத்துல இதையா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆரம்பமே கம்லேஷும் காசு வாங்கிக்கிற ஒரு வாட்ச்மேனும் இருக்கிற காட்சி. தத்தானி காதலை மட்டும் காட்டி காமத்தை ஒளிச்சு வைக்கலை. பெரியவங்களுக்குன்னு போர்டு மாட்டிப் போடுங்க, தப்பில்லை. ஆனா அந்த ஆசையை வெட்டிட்டா நாடகமே பொய்யாயிடும். அவங்க வெறும் பரிதாபத்துக்குரிய பொம்மைகளா நிப்பாங்க. நம்ம சினிமா இவங்களை ஜோக்கா மாத்தினதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

சட்டம் எவ்வளவோ தூரம் வந்துடுச்சு. 2018 செப்டம்பர் 6-ல சுப்ரீம் கோர்ட், வயசு வந்தவங்க விருப்பப்பட்டு சேர்றது குற்றமில்லைன்னு சொல்லிடுச்சு. 2021-ல நம்ம சென்னை ஹைகோர்ட், 'குணப்படுத்துறேன்'னு இவங்களை மாத்தப் பார்க்கிற டாக்டர் வேலைக்குத் தடை போட்டுச்சு. 2022-ல தமிழக அரசு மரியாதையான சொற்களைப் பட்டியல் போட்டு அரசிதழ்லயே வெளியிட்டுச்சு. 2023-ல கல்யாண உரிமை மட்டும் சுப்ரீம் கோர்ட்ல கிடைக்கலை.

டாக்டரைத் தடுக்க கோர்ட் இருக்கு. கால்கட்டு போடுற வைத்தியத்தைத் தடுக்க எந்த கோர்ட்டுக்குப் போறது? அது வீட்டு ஹால்ல நடக்குற வைத்தியம். ஹாலுக்குள்ள நுழையத் தெரிஞ்சது நாடகம்தான். அதுவும் அம்மாக்களும் சித்திகளும் பேசுற தமிழ்ல நடக்குற நாடகம்.

நாடகக் குழு வச்சிருக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, தத்தானிகிட்ட முறையா அனுமதி வாங்கித் தமிழ்ல போடுங்க சாமி. முதல் காட்சியை அம்பத்தூர்ல வைங்க. முன் வரிசையில மாப்பிள்ளை தேடிக்கிட்டிருக்கிற அப்பா அம்மாக்களை உட்கார வைங்க.

பி.கு: "உனக்கேன் இதுல இவ்வளவு அக்கறை?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: உங்க வீட்டுலயும் ஒரு கிரண் இருக்கலாம் :-)