திறப்பு யார் கையில்?

"பிள்ளையை மறித்துவிட்டார்கள், பொலிஸுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்." இரவு ஒன்பது மணிக்கு மேல் இப்படித் தொலைபேசியில் வரும் குரலுக்கு நான் பழகிப்போனவன். சட்டமும் அரசியலும் சேர்ந்த வாழ்வில் இது வழமை. குளத்துக்கு மதகு கேட்டு வருகிறவர்களும் உண்டு, காணி உறுதியோடு வருகிறவர்களும் உண்டு. ஆனால் பதினாறு, பதினேழு வயது மகனின் மோட்டார் சைக்கிளை மீட்டுத் தருமாறு கேட்டு வருகிறவர்களின் தொகை ஆண்டுக்காண்டு ஏறுகின்றதேயன்றி இறங்கவில்லை.

கேட்கிறவர் சட்டம் அறியாதவர் என்று எண்ண வேண்டாம். ஆசிரியர் கேட்கிறார், வைத்தியர் கேட்கிறார், என் தொழிலைச் செய்கிறவர்களே கேட்கிறார்கள். வயலில் வியர்வை சிந்தி உழைக்கும் கமக்காரரும், வெளிநாட்டிலிருந்து மைத்துனர் அனுப்பிய பணத்தில் வாங்கிய வாகனம் பறிபோகிறதே என்று பதறி வருகிறார்.

ஒருமுறை நானும் அந்த வார்த்தையைச் சொன்னேன். பையன் எச்சரிக்கையோடு விடப்பட்டான். தகப்பனார் மறுநாள் ஒரு பை மாம்பழத்தோடு வந்து நன்றி கூறிச் சென்றார். மூன்று மாதம் சென்றது. பரந்தனுக்குத் தெற்கே கண்டி வீதியில், மையிருட்டில், விளக்கின்றி நின்ற உழவு இயந்திரப் பெட்டியொன்றின் பின்புறத்தில் அதே பையன் மோதினான். உயிர் தப்பியது, வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. தகப்பனார் என்னை ஒரு சொல் குறைகூறவில்லை. கூறியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

நிற்க. சட்டம் என்ன கூறுகின்றது? 18 வயது நிறையாதவனுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுகிறவனை மட்டும் குற்றவாளியாக்கி நின்றுவிடவில்லை. அவனை ஓட்டவிட்டவரையும் குற்றவாளியாக்குகின்றது. அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுவதற்கான ஆகக் குறைந்த தண்டப்பணம் 2019 ஆம் ஆண்டின் திருத்தத்தால் 25,000 ரூபாவாக உயர்ந்தது. காப்புறுதி இருக்கின்றதே என்பார்கள். அந்தப் பத்திரத்தை எடுத்து வாசித்தவர் எத்தனை பேர்? அனுமதிப்பத்திரம் உடையவரே ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனை அதிலே இருக்கும். தகப்பன் என்ற உறவொன்றினாலேயே மகனின் தவறுக்குத் தந்தை பொறுப்பாளியாவதில்லை என்பது நம் நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டத்தின் நிலை. ஆயினும் ஓட்டத் தகாதவன் என்று தெரிந்தும் திறப்பைக் கொடுத்தது தந்தையின் சொந்தக் கவலையீனமன்றோ? வீதியில் அடிபட்டவர் அதைக் காட்டி வழக்கிட்டால், காணியை விற்றுத்தான் நட்டஈடு கொடுக்க நேரும். மகளின் சீதனத்துக்கென்று வைத்த காணியாகவும் அது இருக்கலாம்.

ஆனால் சட்டம் எப்போதும் பிந்தியே வருவது. விபத்து நடந்த பின்னரே எங்கள் தொழில் தொடங்குகின்றது. உலகில் 5 முதல் 29 வயது வரையானோரின் சாவுக்கு முதற் காரணம் வீதி விபத்தே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது, நோயன்று. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறவன், மாட்டைக் கண்டு திடுக்கிடும் ஒரு செக்கனிலேயே 14 மீற்றர் கடந்துவிடுகிறான். தடையை அழுத்துவது அதற்குப் பின்னர். வேகம் இரட்டித்தால், தடை பிடித்த பின் வாகனம் நிற்கச் செல்லும் தூரம் நான்கு மடங்காகின்றது. பதினேழு வயதுப் பிள்ளை இந்தக் கணக்கைப் பரீட்சையில் சரியாகச் செய்வான். பின்னால் இரு நண்பர்கள் ஏறிக் "கொஞ்சம் விடடா" என்றதும் மறந்துவிடுவான்.

இதை உணர்ந்துதான் நியூசிலாந்து 1987 இல் படிப்படியாக அனுமதி வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. புதிதாய் ஓட்டுகிறவன் தனியே ஓட்டத் தொடங்கும் கட்டத்தில் இரவு பத்து மணிக்கு மேல் தனியே ஓட்டலாகாது. துணைக்கு அனுபவசாலி இல்லாமல் நண்பர்களை ஏற்றலாகாது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. அதனாலென்ன? வீட்டுக்கு ஒரு சட்டம் இயற்றப் பாராளுமன்றம் கூட வேண்டுமா? பதினெட்டு நிறைந்து அனுமதிப்பத்திரம் பெற்ற பிள்ளைக்கும் முதல் ஓராண்டு, இருட்டினால் திறப்பு தகப்பனின் சட்டைப்பையில் என்று வைத்துக்கொள்ளலாம். பின்னிருக்கையில் தாய் தகப்பனன்றி எவரும் ஏறலாகாது எனலாம். தலைக்கவசம் சாவின் வாய்ப்பை ஏறத்தாழ 40 வீதம் குறைக்கின்றது. கைப்பிடியில் தொங்கும் தலைக்கவசம் எவரையும் காப்பதில்லை. சந்தைக்குப் போகும் தந்தை அதை வீட்டில் விட்டுச் செல்வாராயின் மகனுக்குப் புத்தி கூற வாயைத் திறவாதிருப்பதே மரியாதை.

கமக்காரருக்கு ஒன்று. லாண்ட்மாஸ்டரைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வயலுக்குள் ஓட்டுவதை நாம் பெருமையாகப் பார்க்கிறோம். வரம்பைத் தாண்டித் தார்வீதியில் ஏறியதும் அதுவும் வாகனமே. பெட்டியின் பின்னால் சிவப்பு விளக்கோ, வெளிச்சம் பட்டால் மின்னும் தகடோ பூட்டப் பெருஞ்செலவு இல்லை. நான் கூறிய பையனின் கால் போனதற்கு அவன் வேகம் பாதிக் காரணம். அந்த இருட்டுப் பெட்டி மறுபாதி.

"பஸ் இல்லை, வகுப்பு முடிய ஏழு மணியாகின்றது, பெண்பிள்ளை எப்படி நடந்து வருவாள்?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. விடை அவரிடம் இல்லை; எங்களைப் போன்றவர்களிடமே இருக்க வேண்டும். கல்வி நிலையங்களின் நேரத்தை மாற்றுவித்தல், மாலைப் பஸ்ஸைக் கேட்டுப் பெறுதல் ஆகியவை அரசியற் கடமைகளே. அதைச் செய்யாமல், பொலிஸுக்குத் தொலைபேசி எடுப்பதைச் சேவையென்று எண்ணியிருந்தோம்.

2009 வரை இம்மண்ணில் எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தோம்! அவர்களைக் காக்கும் திறப்பு எந்தத் தகப்பனின் கையிலும் இருக்கவில்லை. இந்தத் திறப்பு இருக்கின்றது. சமையலறைச் சுவரில், ஆணியில் தொங்குகின்றது.

என் தொலைபேசி இலக்கம் மாறவில்லை. இரவிலும் எடுப்பேன். ஆனால் அந்த வார்த்தையை இனிச் சொல்ல மாட்டேன். வழக்கு வந்தால் கூலி வாங்காமல் நீதவான் நீதிமன்றுக்கு வருவேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டும்படியே ஆலோசனை கூறுவேன். பணத்தை எண்ணி வைக்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.