தாயைப் பார்க்காமல் குட்டியை வாங்காதீர்கள்

புக்கிட் பாருவில் என் பக்கத்து வீட்டுப் பையன், எஸ்.பி.எம். முடித்த கையோடு கடையில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு ஹஸ்கி குட்டி வாங்கினான். ஃபேஸ்புக்கில் பார்த்தது. விற்றவர் வீட்டு முகவரி கொடுக்கவில்லை. ஆயர் குரோ டோல் அருகே காரை நிறுத்தி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான்காம் நாள் குட்டி சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் வாந்தி, இரத்தப்போக்கு. ஏழாம் நாள் கொல்லையில் வாழைமரத்தடியில் புதைத்தோம். விற்றவருக்குப் போன் செய்தால், "நான் கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்தது" என்றாராம்.

அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பார்வோ என்ற வைரஸ் குட்டியின் உடலில் நுழைந்து, அறிகுறி தெரியப் பொதுவாக மூன்று முதல் ஏழு நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் குட்டி துள்ளி விளையாடும், வாலாட்டும், படத்துக்கு அழகாக நிற்கும். நோய் விற்றவர் வீட்டில் தொற்றும். சாவு வாங்கியவர் வீட்டில் நடக்கும். 1978இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய இந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். ஆகவே துக்கத்தை ஆற்ற அடுத்த வாரமே இன்னொரு குட்டியை அதே வாசலுக்குக் கொண்டுவராதீர்கள்.

"ஊசி போட்டாச்சு, கார்டு இருக்கு" என்பார்கள். ஒரு ஊசி போதாது. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியைச் சில வாரங்கள் காக்கிறது; அதே சக்தி தடுப்பூசியையும் வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை ஊசி போடச் சொல்கிறார்கள். எட்டு வாரக் குட்டியை "முழுப் பாதுகாப்பு" என்று விற்பவருக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிது. புக்கிட் அசகானிலும் ஜாசின் பக்கத்துத் தோட்டங்களிலும் லயத்து நாயை யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. தாய் நாய் யார் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழ் குட்டி போட்டது என்று லயத்துக்கே தெரியும். தாயின் குணம், பால் கொடுத்த விதம், எந்தக் குட்டி நோஞ்சான் என்பது எல்லாம் கண்முன் நடந்தது. தாமான் வீட்டுக்கு வந்த பிறகு அல்சேஷன் வேண்டும், ஹஸ்கி வேண்டும், பக் வேண்டும் என்கிறோம். ஆசையில் தவறில்லை. ஆனால் லயத்தில் இலவசமாகக் கிடைத்த அந்தத் தகவலை இப்போது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

எனவே முதல் கேள்வி விலை அல்ல. "தாயைப் பார்க்கலாமா?" என்பதுதான். குட்டி பிறந்த இடத்திலேயே, குட்டிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தாய் மனிதரைக் கண்டு நடுங்கினால், உடல் தேய்ந்து முலைகள் தொங்கி அடுத்தடுத்து ஈன்ற அடையாளம் இருந்தால், வந்த வழியே திரும்புங்கள். "தாய் ஜோகூரில் இருக்கிறது" என்றாலும் அப்படியே. எட்டு வாரத்துக்கு முன் கொடுக்க முன்வந்தாலும் வாங்காதீர்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரைதான் நாய்க்குட்டி பிற நாய்களோடும் மனிதர்களோடும் பழகக் கற்றுக்கொள்கிறது என்பதை அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட்டும் ஃபுல்லரும் நடத்திய ஆய்வு காட்டியது. அது 1965இல் நூலாக வந்தது. (நம் பகாங் மாநிலத்துத் தெலோம் ஆற்றங்கரையில் பூர்வகுடி மக்கள் வளர்த்த நாய்களும் 1960களில் அதே ஆய்வுக்கூடத்துக்குப் போயின. 'தெலோமியன்' என்ற பெயர் அப்படி வந்தது. நாமோ சைபீரியாவிலிருந்து வந்த இனத்தைத் தேடுகிறோம்!)

அடுத்து, வம்சச் சான்றிதழ். மலேசிய கெனல் சங்கத்தின் சான்றிதழ் குட்டியின் முன்னோர் யார் என்று சொல்லும்; குட்டி ஆரோக்கியமானது என்று சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆனாலும் அந்தத் தாளை ஒழுங்காகப் படித்தால் பயன் உண்டு. தகப்பன் பக்கத்திலும் தாய் பக்கத்திலும் ஒரே பெயர் திரும்ப வருகிறதா பாருங்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்வது பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மாமன் மகளைக் கட்டினால் பிள்ளையின் உள்ளினக் கலப்பு 6.25 சதவீதம், அக்காள் மகளைக் கட்டினால் 12.5. நாய் வளர்ப்பில் அண்ணன் தங்கையை இணை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே அது 25. பல தலைமுறைக்கு இப்படியே போனால் என்ன ஆகும்? பிரிட்டனில் இருந்த சுமார் 10,000 பக் நாய்களின் மரபணுப் பன்மை, ஒன்றுக்கொன்று உறவில்லாத 50 நாய்களின் அளவுக்குத்தான் இருக்கிறது என்று இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள்.

அல்சேஷன், லாப்ரடோர், ராட்வீலர் வாங்குபவர்கள் இடுப்பு மூட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை பெருமளவு பரம்பரையாக வருகிறது. எட்டு வாரக் குட்டியில் அது தெரியாது. பெற்றோருக்கு ஒரு வயது கடந்த பிறகு எக்ஸ்ரே எடுத்துத் தரம் பிரிப்பார்கள்; அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். "என் நாய்க்கு ஒரு குறையும் இல்லை" என்ற வாய்வார்த்தை எக்ஸ்ரே ஆகாது.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களைப் பற்றி என் கருத்தை ஒளிக்கப் போவதில்லை: மலாக்கா வெயிலுக்கு அவை வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. மூச்சுப் பாதையே குறுகிப்போன நாய், மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கூரை போட்ட போர்ச்சில் என்ன செய்யும்? மூக்கின் நீளம் தலையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நெதர்லாந்து 2019இல் விதி வகுத்தது. அது குளிர் நாடு.

சட்டம் நம்மிடமும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பதைத் தொழிலாக நடத்துபவருக்கு உரிமமும் வேண்டும். கேட்டுப் பாருங்கள்; டோல் அருகே காரில் வருபவர் அதற்குப் பிறகு போனை எடுக்க மாட்டார். "பாவம், அந்தக் குட்டியையாவது காப்பாற்றுவோம்" என்று வாங்குவதையும் நான் ஏற்கவில்லை. அந்தக் கூண்டு காலியானதும் அதே தாய்க்கு அடுத்த ஈற்று.

பக்கத்து வீட்டுப் பையன் வாசலைக் குளோரோக்ஸ் கலந்த நீரால், ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்து, கழுவிவிட்டு ஓராண்டு காத்திருந்தான். போன மாதம் அலோர்காஜா பக்கம் லாப்ரடோர் வளர்க்கும் ஒருவருக்குப் போன் செய்தான். கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். ஒன்றையும் கேட்க முடியவில்லை. அந்த மனிதர்தான் கால் மணி நேரம் கேள்வி கேட்டாராம். முதல் கேள்வி: "தம்பி, பகல்ல வீட்டுல யாரு இருப்பாங்க?"