அவரை பூக்கவில்லையே, ஏன்?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'இலையுதிர் காலம்' என்று பழுத்த இலைகளோடு ஒரு படம் இருக்கும். நம் பக்கத்து வேம்பு இலையைக் கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசி பிறக்கும் இந்த நாட்களில் தாம்பரத்திலிருந்து வண்டலூருக்கு ரயிலில் போனால் தண்டவாள ஓரமெல்லாம் பச்சையாகத்தான் கிடக்கும். ஆனாலும் பருவம் மாறிவிட்டது என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆடியிலிருந்து அடித்த மேல்காற்று ஒரு நாள் நின்றுபோகும். நாலைந்து நாள் ஓர் இலைகூட அசையாத புழுக்கம். பிறகு ஒரு சாயங்காலம் கடல் பக்கமிருந்து குளிர்ச்சியாகக் காற்று வரும். தட்டான்கள் வயலுக்கு மேல் ஆள் உயரத்தில் கூட்டமாகச் சுற்றும்.

முதல் மழை விழுந்ததும் வருகிற மண்வாசனைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்கள் மண்ணில் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனை அது. குப்பையையும் தழையையும் மட்கவைக்கும் வேலையாட்கள் இவை. அன்று இருட்டும் நேரத்தில் புற்றிலிருந்து ஈசல் புறப்படும். அதைப் பிடித்து வறுத்து, பொரித்த அரிசியோடு கலந்து தின்ற ருசி செங்கல்பட்டு பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு இன்னும் நாக்கில் இருக்கும். பனங்கொட்டையை மேட்டுப் பாத்தியில் அடுக்கி மண் மூடியவர்களுக்குப் பொங்கலுக்குக் கிழங்கு உண்டு. ஆயுதபூஜைக்கு டிராக்டருக்கு வைத்த சந்தனம் மழையில் கரைந்து இறங்குவதைப் பார்ப்பதுகூட ஒரு திருப்திதான். இவற்றோடு வருவது பந்தலில் முதல் அவரைப் பூ.

அந்தப் பூ இந்த வருடம் வரவில்லை என்று அகரம்தென் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 30 சென்ட் நிலம். "ஆடிப் பதினெட்டுக்கு விதை போட்டேன். கொடி பந்தலை மூடிவிட்டது. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய மூலையில் மட்டும் பூ தெரிகிறது. மற்ற இடத்தில் ஒரு பூங்கொத்துகூட இல்லை. கடையில் ஒரு டானிக் தருகிறார்கள், அடிக்கலாமா? போன வருடம் வரை இப்படி இல்லை. நிலத்தில் சத்து போய்விட்டது, பக்கத்து மனைக்காரர் மாதிரி கொடுத்துவிடலாம் என்கிறான் மகன்" என்று கேட்டிருக்கிறார். படமும் அனுப்பியிருந்தார். பந்தலுக்குப் பின்னால் புது அடுக்குமாடியின் மதிலும், மதில்மேல் பெரிய எல்.இ.டி. விளக்கும் தெரிந்தன.

சகோதரி, டானிக்கை வாங்க வேண்டாம். முதலில் அந்த விளக்கைப் பார்ப்போம்.

பந்தல் அவரைக்குக் காலண்டர் வானத்தில் இருக்கிறது. நம் ஊரில் ஜூன் கடைசியில் பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டிசம்பர் கடைசியில் 11 மணி 20 நிமிடம் போல. மொத்த வித்தியாசமே சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு அது உறைக்காது. அவரைக்கு உறைக்கும். பகல் குறுகி இரவு நீண்டால்தான் அது கொடி ஓடுவதைக் குறைத்துக்கொண்டு பூவுக்குத் திரும்பும். ஆடியில் போட்டாலும், முன்னதாகவே வைகாசியில் போட்டாலும், பூ வருவது ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். பழைய சம்பா நெல் ரகங்கள் பலவற்றின் கதையும் இதுதான்.

செடிகள் பகல் நீளத்தைக் கவனித்துப் பூக்கின்றன என்பதை 1920-ல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் புகையிலையையும் சோயாவையும் வைத்துக் காட்டினார்கள். 1938-ல் ஹாம்னர், பானர் என்ற இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட செடி மருளூமத்தை. நம் ஏரிக்கரையில் முள்ளுக்காயோடு நின்று வேட்டியில் ஒட்டுமே, அதேதான். செடி உண்மையில் அளப்பது இருட்டின் நீளத்தை, அந்த இருட்டு இடையில் அறுபடக் கூடாது என்று கண்டார்கள். நீண்ட இரவின் நடுவில் சில நிமிடம் விளக்கைப் போட்டு அணைத்தாலே அந்தச் செடி பூக்கவில்லை. உங்கள் பந்தலுக்கோ சாயங்காலம் ஆறு மணியிலிருந்து விடியும் வரை வெளிச்சம். அதற்கு இன்னும் ஐப்பசி பிறக்கவே இல்லை!

சந்தேகம் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். விளக்குக்கும் பந்தலின் ஒரு பகுதிக்கும் நடுவே பழைய தார்ப்பாயையோ இரண்டு மூன்று மடங்கு சாக்கையோ மறைப்பாகக் கட்டுங்கள். மழைக்காற்றுக்கு நிற்கும்படி கட்ட வேண்டும். மூன்று வாரம் பொறுங்கள். மறைவில் இருக்கும் கிளைகளில் முதலில் மொக்கு விட்டால் காரணம் உறுதி. கொட்டகை மூலையில் பூ வந்ததற்கு, கூரை வெளிச்சத்தை மறைத்ததே காரணமாக இருக்கும். யூரியாவைக் கூடுதலாகப் போட்டாலும் கொடிதான் ஓடும், பூ தள்ளிப்போகும். ஆனால் ஒரே விதை, ஒரே மண், ஒரே எரு என்று எழுதியிருப்பதால் என் சந்தேகம் அதில் இல்லை.

காரணம் உறுதியானால் அடுக்குமாடிச் சங்கத்தாரைப் போய்ப் பாருங்கள். சண்டைக்காக வேண்டாம். விளக்குக்கு உங்கள் பக்கம் ஒரு தகரத் தடுப்பு வைத்து, வெளிச்சம் கீழே அவர்கள் பாதையில் விழும்படி திருப்பச் சொல்லுங்கள். அவர்கள் பாதுகாப்பும் குறையாது. வேடந்தாங்கலில் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எருவாகப் பாய்கிறது, அந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியும். போகும்போது கொட்டகை மூலையில் பறித்த பிஞ்சு அவரை அரைக் கிலோ கொண்டுபோங்கள். வாசலில் பறித்த காய் கிடைக்கும் என்றால் அங்கேயே நாலு வாடிக்கை பிடித்துவிடலாம்.

அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வழி இருக்கிறது. வெளிச்சம் விழும் பகுதியில் அடுத்த முறை குத்து அவரை போடுங்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.14 போன்ற ரகங்கள் பகல் நீளத்தைப் பார்க்காமல் எந்தப் பருவத்திலும் பூக்கும். ருசியில் பந்தல் அவரைக்கு ஈடு இல்லை என்பது என் கட்சி. வீட்டு விதையை விட்டுவிடாதீர்கள். கொட்டகை மூலையில் முதலில் வரும் நல்ல காய்களில் பத்தை முற்றவிட்டு விதைக்கு எடுத்து வையுங்கள்.

நிலத்தைக் கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் குடும்பத்தின் முடிவு, அதில் நான் தலையிட முடியாது. ஆனால் பந்தலை மூடுகிற அளவுக்குக் கொடி ஓடியிருக்கிற மண்ணில் சத்து போய்விட்டது என்று தம்பி சொல்வது சரியில்லை. இந்தக் காரணத்துக்காக விற்காதீர்கள்.

கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். முன்பெல்லாம் மழை என்றால் சந்தோஷம், இப்போது 2015 ஞாபகம்தான் வருகிறது என்று. வராமல் இருக்குமா? 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் ஏறிய தண்ணீரை யார் மறப்பார்கள்? ஏரி கோடி போகிறது என்றால் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்க்கப் போன ஊர்கள் இவை. இப்போது கோடி போகிறது என்றால் மாடிக்குச் சாமான் ஏற்றுகிறோம். செம்பாக்கம் ஏரி நிறைந்தால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் போக வேண்டும். நடுவில் ஒரு கால்வாய் அடைத்தாலும் அது வீட்டுக்குள் வரும். வரத்துக் கால்வாயும் போக்குக் கால்வாயும் எங்கே அடைத்திருக்கின்றன என்று இப்போதே நடந்து பார்த்து, படம் எடுத்து மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுதிக் கொடுங்கள். மழை தொடங்கிய பிறகு மனுவுக்கு மதிப்பு குறைவு.

உங்கள் 30 சென்ட்டில் இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவரை வேரில் தண்ணீர் நின்றால் இரண்டே நாளில் இலை மஞ்சளாகும். தூரைச் சுற்றி மண் அணைத்து, பந்தலுக்கு நடுவே ஒரு முழ அகலத்தில் வடிகால் வெட்டித் தாழ்ந்த மூலைக்கு விடுங்கள். கார்த்திகைப் பனியில் அசுவினி வரும். அதற்கு 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு போதும். பூ திறந்திருக்கும் காலை நேரத்தில் அடிக்காதீர்கள், தேனீ வரும். மறைப்புக் கட்டிய பக்கத்தில் மொக்கு விட்டதும், எத்தனை நாளில் விட்டது என்று ஒரு கார்டு போடுங்கள்.